பத்து நாள் பூட்டு

அஸலூயே எரிவாயு ஆலையில் வேலை பார்க்கும் அன்பு அண்ணன் அர்தலானுக்கு, கெர்மான்ஷாவிலிருந்து தங்கை ஷஹ்லா ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அங்கே வெயில் எரிக்கிறதாமே, தலையில் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஷுராவுக்கு ஊருக்குக் காய்ச்சி ஊற்றும் நேர்ச்சை ஹலீம் கஞ்சிக்கு நீங்கள் அனுப்பிய கோதுமை வந்து சேர்ந்தது. அதன் பின்னாலேயே ஊர்வலத்தை நடத்தும் ஹாஜி நுஸ்ரத்தும் வந்து சேர்ந்தார். "உங்க அண்ணன் போன வருஷம் போன் பண்ணிச் சொன்ன மாதிரியே, இந்த முஹர்ரம் துக்கத்துக்கும் பத்து நாள் அந்த ஊசிக் கடையை இழுத்து மூட வச்சிரவா பொண்ணே? ஊர்வலம் போற வழியில அந்த மூஞ்சிங்க எதுக்கு?" என்றார். மூடச் சொன்னது நீங்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். மனுஷன் கூசாமல் இரண்டாவது தேநீரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஊசிக் கடையாம்! போதை ஊசி போடுகிறவர்கள் பழையதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டால் புது ஊசி தருகிறார்கள். ஒருவன் ரத்தத்தில் இருக்கும் நோய் இன்னொருவனுக்குப் போகக் கூடாது என்பதற்காக. இதில் என்ன பாவத்தைக் கண்டீர்கள்? நம் தம்பி ஹூமன் அந்த வரிசையில் நிற்பதை நாலு பேர் பார்த்தால் குடும்ப மானம் போய்விடும், அவ்வளவுதானே? பூட்டுப் போட்டால் வரிசைதான் மறையும். அவன் நரம்பு கேட்பது நிற்குமா? ஹெராயினுக்கு ஏது அண்ணா துக்க நாள்?

போன வருஷம் பூட்டிக் கிடந்தபோது மருந்துக் கடையில் போய்க் கேட்டிருக்கிறான். முகத்தைப் பார்த்ததுமே "ஊசியெல்லாம் இல்ல, போ போ" என்று விரட்டினார்களாம்.

அந்தப் பத்தாம் நாள், ஆஷுரா காலையில் உங்கள் பெயரில் நம் வாசலில் அண்டா கொதித்தது. கிளறும்போது வேண்டினால் பலிக்கும் என்று அவனையும் கூப்பிட்டேன். துடுப்பை வாங்கி இரண்டு சுற்றுக் கிளறினான். "என்னடா வேண்டிக்கிட்டே?" என்று கேட்டேன். "ஒரு புது ஊசிக்கா" என்றான். கிண்டல் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவனும் அவன் கூட்டாளி பெஹ்ரூஸும் ஒரே ஊசியைப் போட்டு முடித்திருந்தார்கள்.

பெஹ்ரூஸுக்கு ஏற்கெனவே எச்.ஐ.வி. இருந்திருக்கிறது, அது அவனுக்கே தெரியாது. இப்போது நம் தம்பிக்கும் இருக்கிறது அண்ணா. உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். இன்று அதை மீறிவிட்டேன். மாத்திரையைத் தவறாமல் போட்டால் நெடுநாள் இருப்பான் என்று ஊசி தரும் இடத்து நர்ஸ் பர்வானே சொல்கிறாள். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. நானும் அவனும் ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறோம்.

மறுபடி மூடப்போகிறார்கள் என்று மட்டும் அவனிடம் சொன்னேன். "எனக்கு வர்றது வந்துருச்சு. வரிசையில எனக்குப் பின்னாடி நிக்கிறவனுங்களுக்கு இன்னும் ஒண்ணும் இல்லக்கா" என்றான்.

நான் சொன்னால் ஹாஜிக்கு அது பொம்பளைப் பேச்சு. உங்கள் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார். அந்தக் கதவைப் பூட்டினால் நான் அடுப்பு மூட்ட மாட்டேன், உங்கள் கோதுமையைப் புறாக்களுக்கு இறைத்துவிடுவேன்.

ஹூமன் உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னான். பூட்டச் சொன்னது யார் என்று அவனுக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதும் இல்லை.

போன வருஷம் போனை எடுத்த அதே கையால் இப்போதும் எடுங்கள் அண்ணா. அந்தக் கை என்றைக்கும் நோகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
ஷஹ்லா