முதல் அடி

என் முருகேசண்ணா,

நாளைக்குத் தர்மபுரி கோர்ட்டில் நான் சாட்சி சொல்லப் போகிறேன். உன்னைக் கம்பியால் அடித்துக் கொன்றவன் எதிரே நிற்பான். எனக்கு நாற்காலி போடுகிறார்களாம். போலியோக் காலுக்கு இந்த மரியாதையாவது கிடைத்ததே என்று நீ சிரித்திருப்பாய்.

அவனைப் பார்த்ததும் பாய்ந்து குரல்வளையைக் கடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு வருஷமாகியும் ஆத்திரம் அடங்கவில்லை அண்ணா. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு கடத்தூரைச் சுற்றி எத்தனை பேருக்குக் கடை வைத்துக் கொடுத்தாய்! கண் தெரியாத கோவிந்தனுக்கு மாவு மில், பேச வராத மல்லிகாவுக்குத் தையல் கடை, எனக்குப் பஞ்சர் கடை. பேங்க் மனுவெல்லாம் நீயே எழுதினாய். சரி, கடை திறக்கும் முன்னால் ஒரு பரீட்சை வைப்பாயே, உலகத்தில் வேறு எவனாவது அப்படி வைப்பானா?

கெட்ட வாடிக்கையாளனாக வேஷம் கட்டி வருவாய். "ஏய் நொண்டி, நீ ஒட்டுனது ஒரு மணி நேரம் நிக்கல. எடுடி காச!" என்று கத்தி, தண்ணீர்த் தொட்டியை ஊன்றுகோலால் கவிழ்ப்பாய். இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் டயர் கழற்றுகிற லிவரை உன் மேல் விட்டெறிந்தேன். நெற்றி பிளந்து ரத்தம் மூக்கின் மேல் வழிந்தது. நீ துடைக்கக்கூட இல்லை, பாவி. "இப்பத் தெறடி கடைய. இனி ஒருத்தனும் உன்ன ஏறி மிதிக்க மாட்டான்" என்று சிரித்தாய்.

அதோடு விட்டாயா? கடை திறந்த பிறகும் எனக்குத் தெரியாத ஆட்களை அனுப்பி வம்பிழுக்க வைத்தாய். நான் ஏசி விரட்டினால் மறுநாள் எதிர் டீக்கடையில் எனக்கு வடை வாங்கித் தருவாய்.

அன்றைக்கு வந்த மூன்று பேரையும் நீ அனுப்பியதாகத்தான் நினைத்தேன்.

அதில் முன்னால் வந்தவன்தான் உன்னைக் கொன்றவன், ரோட்டில் கொஞ்ச தூரம் தள்ளிப் புதிதாகப் பஞ்சர் கடை போட்டவன். அதுவரை நான் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. "ரோட்டுல ஆணியப் போட்டு வண்டி புடிக்கறியாடி நொண்டி?" என்று கம்ப்ரஸரை எட்டி உதைத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணன் அனுப்புச்சாரா? இன்னும் நல்லா நடிங்கடா" என்றேன். அவன் தொட்டியைக் கவிழ்த்தான். நான் லிவரை எறிந்தேன். வாயில் பட்டு இரண்டு பல் தெறித்தது.

அவன் சிரிக்கவில்லை அண்ணா. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் கடை ஜாக்கிக் கம்பியையே எடுத்தான். முதல் வீச்சில் என் தோள் எலும்பு முறிந்தது. நீ டீக்கடையிலிருந்து ஒற்றைக் காலில் தத்தித் தத்தி ஓடி வந்தாய். ஊன்றுகோலைச் சுழற்றி ஒருத்தன் தாடையை உடைத்தாய். எனக்குக் குறுக்கே விழுந்தாய். அவன் உன் பின்மண்டையில் போட்டான். நீ அசையாமல் கிடந்தும் அடித்துக்கொண்டே இருந்தான். நான் தவழ்ந்து போய் அவன் கெண்டைக்காலைக் கடித்தேன். சதை பிய்ந்து என் வாய்க்குள் வந்தது, அப்போதும் அவன் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே நீ போய்ச் சேர்ந்தாய்.

உன் காரியம் முடிந்த அன்று சாந்தி அண்ணி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மொதல்ல கை வச்சது யாரு?"

"அவந்தாங்க அண்ணி" என்றேன்.

நம் தரப்பு வக்கீலும் அதையேதான் சொல்லச் சொல்கிறார். "லிவர் பேச்சே எடுக்காதீங்கம்மா. அவங்க கேட்டாலும் இல்லன்னுடுங்க. தற்காப்புன்னு சொல்லித் தப்பிச்சிருவான்." நியாயம்தான். அந்த நாய் தப்பிக்கக் கூடாதே!

கடை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கோவிந்தன் இரண்டாவது மெஷின் வாங்கிவிட்டான். நீ போன பிறகு நாங்கள் சேர்ந்து இரண்டு பேருக்குக் கடை வைத்துக் கொடுத்தோம். பரீட்சையை மட்டும் நிறுத்திவிட்டோம். அது சரியா, தப்பா? யாரிடம் கேட்பேன்?

இன்று காலை உன் வூட்டுக்குப் போனேன். அண்ணி கொட்டை நீக்கப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், சிரித்ததையும் சேர்த்து. கேட்டு முடித்தாள். புளிக் கையோடு ஓங்கி ஒரு அறை விட்டாள். நான் சாய்ந்தேன். தூக்கி உட்கார வைத்து இன்னொன்று விட்டாள். பிறகு என் மடியில் தலையைக் கவிழ்த்து, "ரெண்டு வருசமா என்ன ஏமாத்திட்டியேடி!" என்று கதறினாள்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அந்த மனுசன் உனக்குச் சண்டை போடக் கத்துக் குடுத்தாரு. பொய் சொல்லக் கத்துக் குடுக்கல. உள்ளதச் சொல்லு. நானும் பஸ் ஏறி வர்றன்."

நாளைக்கு எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, "முதல்ல அடிச்சது நீங்கதானே?" என்று என்னைக் கேட்பார். நான் பயந்த கேள்வி அதுதான். ஆமாம் என்பேன். அதற்கப்புறம், நீ கீழே விழுந்து அசையாமல் கிடந்த பிறகு அவன் உன்னை அடித்த ஒவ்வொரு அடியையும் வரிசையாகச் சொல்வேன். ஒன்றைக்கூட விட மாட்டேன். இது சத்தியம் அண்ணா.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
பஞ்சர் கடை தனம்