இடது கால் வரையாத படம்

களமருதூர்,
சனிக்கிழமை

அன்புள்ள லிடியா,

நீ பள்ளிக்கு வராத நாட்களின் கணக்குப் பாடத்தையெல்லாம் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவசரமில்லை.

அண்ணனின் பழைய லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது. நாம் இருவரும் செய்யும் கம்ப்யூட்டர் விளையாட்டை ஓட்டும் கேம் இன்ஜின், நீ கட்டம் கட்டமாகப் படம் வரையும் பிக்சல் எடிட்டர், இரண்டில் ஒன்றை நீக்கியாக வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளிக் கண்காட்சி. அதனால் இன்ஜினை வைத்துக்கொள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

விளையாட்டில் நடக்கும் ஆளாக நீ உன் அம்மாவைப் பார்த்து வரைந்ததில் வலது கால் எடுத்து வைக்கும் படம் மட்டுமே இருக்கிறது. ஓட விட்டால், தூக்குவாளியோடு வரப்பில் நொண்டிக்கொண்டு போகிறார்கள்.

நம் வகுப்பு அறிவுச்செல்வன் பார்த்துவிட்டு, “இன்னாடி, உங்க ஆளு பாண்டி ஆடிக்கினு போவுது? நெட்டுல வேற பொம்மை எடுத்துப் போடு” என்றான். யாருடைய படம் என்று சொன்னேன். லேப்டாப்பை மெல்ல என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

இடது காலை நானே நான்கு முறை வரைந்தேன். நான்கு முறையும் வேறு யாரோ நடந்தார்கள். வரப்பில் இறங்கும்போது புடவையை எவ்வளவு தூக்கிச் செருகுவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

இன்ஜினை வைத்தால் இடது காலை நீ வரைய எடிட்டர் இருக்காது, வேறு பொம்மைதான் போட வேண்டும். அதனால் இன்ஜினை நீக்கிவிட்டேன். கண்காட்சிக்குக் கொடுத்த நம் பெயர்களையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான்.

உன் அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு நானும் என் அம்மாவும் எலவனாசூர்கோட்டைக்கு வருகிறோம். லேப்டாப்பையும் எடுத்து வருவேன். வரையச் சொல்ல மாட்டேன். திறந்து வைத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன் இடத்தில் இன்னும் யாரையும் உட்கார விடாத
பக்கத்து இடத்துக்காரி