ஆன்சைட் போயிருக்கும் அம்மா

நேரில் ஒருநாளும் பார்த்திராத என் சுமதி அக்காவுக்கு,

நான் கோமதி. நீங்கள் போனபின் உங்கள் வீட்டுக்கு வந்தவள். உங்கள் கணவரைக் கட்டிக்கொண்டு, உங்கள் மகளை வளர்க்கிறவள். முறைப்படி பார்த்தால் உங்களுக்குத் தங்கை. இங்குள்ள தமிழர்கள் போடும் ஆண்டு மலருக்கு, மறைந்தவர் யாருக்காவது கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு மறைந்தவர்கள் என்றால் எங்கள் அப்பா இருக்கிறார், பள்ளிக்கூடத்து டீச்சர் இருக்கிறார். ஆனால் பேனாவை எடுத்ததும் முன்னால் வந்து நின்றது உங்கள் முகம்தான். உங்கள் மகள் பவியிடம் கேட்டேன். "எழுது. ஆனா பொய் எழுதாதே" என்றாள்.

அதனால் உண்மையிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு உங்கள்மேல் பொறாமை. அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

உயிரோடு இருக்கிற பெண்மேல் பொறாமைப்பட்டால் ஆறுதலுக்கு ஏதாவது கிடைக்கும். அவள் சாம்பாரிலும் ஒருநாள் உப்பு கூடும். அவளும் பிள்ளையை அதட்டுவாள், முதுகில் ஒன்று வைப்பாள். உங்களுக்கு அதெல்லாம் கிடையாது. நீங்கள் கோபப்படுவதில்லை, உங்களுக்குத் தலை நரைப்பதில்லை. உங்களோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

ஹைதராபாத்தில் மாதாப்பூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த நேரம் நான் ஹப்சிகுடாவுக்கு வந்தேன். முப்பதைத் தாண்டிய எனக்கு இரண்டாம் தாரமாகத்தான் வரன் அமைந்தது. சங்கரன்கோவிலைத் தாண்டி அதிகம் போயிராதவள். தெலுங்கு ஒரு சொல் தெரியாது. பால் பொங்கிய கையோடு கீழ்வீட்டுக் கஸ்தூரி அக்கா வந்தார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஹவ் மா, சுமதி மாதிரி இன்னொருத்தி இனிமேதான் பொறக்கணும்" என்றார். ஹவ் என்றால் அந்த ஊரில் ஆமாம். அவர் நல்லவர். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பால் எனக்கு இறங்கவில்லை.

நீங்கள் படித்தவர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர், ஸ்கூட்டர் ஓட்டியவர். இதெல்லாம் எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். வீட்டில் உங்கள் பேச்சே கிடையாது. உங்கள் படம் ஒன்றுகூடச் சுவரில் இல்லை. உங்கள் புடவைகள் பரணில் பெட்டிக்குள் இருந்தன. மகள் மறக்கட்டும் என்று அவள் அப்பா அப்படிச் செய்திருந்தார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பெயரே எழாத வீட்டில் நீங்கள் எத்தனை நாள் இருந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் போகும்போது பவிக்கு நான்கு வயது. நான் வரும்போது ஏழு. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். "சாப்பிடுதியாட்டி?" என்றால், "ஒத்து ஆன்ட்டி" என்பாள். வேண்டாமாம். அடம் கிடையாது, அழுகை கிடையாது. தட்டைத் தானே கழுவி வைப்பாள். விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி அத்தனை மரியாதை. "எவ்வளவு சமத்து!" என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். பள்ளியிலிருந்து மட்டும் வேறு செய்தி வரும். யாரோடும் சேருவதில்லை, பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளிவிட்டாள், கேட்டால் வாயைத் திறப்பதில்லை.

ஒருநாள் கொஞ்ச முயன்று "அம்மிணி" என்று கூப்பிட்டேன். உங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் பெண்பிள்ளைகளை அப்படித்தான் அழைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பவி சட்டென்று திரும்பினாள். அன்றுதான் என்னிடம் முதல்முறையாகத் தமிழ் பேசினாள்.

"அப்படி நீங்க கூப்பிடாதீங்க. அது எங்கம்மா கூப்பிடறது."

பெயரே எழாத வீட்டில் நீங்கள் சட்டமாக உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் பள்ளியில் அம்மாக்களை அழைத்தார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு போய் வகுப்பில் பரிமாற வேண்டும். நான் எலுமிச்சம்பழச் சாதம் கிளறி, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். பெருமையாகத்தான் போனேன், அக்கா. வாசலில் ஒரு சிறுமி ஓடிவந்து, பவியிடம் இங்கிலீஷில், இதுதான் உன் மம்மியா என்று கேட்டாள்.

"நோ," என்றாள் பவி. "ஷீ இஸ் அவர் குக். மை மம்மி இஸ் ஆன்சைட்."

நான் சமையல்காரி; அம்மா கம்பெனி வேலையாக அமெரிக்காவில். அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். பவியும் பார்த்தாள். அடிக்குத் தயாராக நிற்கிற பிள்ளையின் முகம் அது. நான் டப்பாவைத் திறந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிமாறினேன். ஒரு அம்மா, ருசியாக இருக்கிறது, நீங்களா செய்தீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். தலையை ஆட்டினேன். சமைத்தது நான்தானே?

ஆட்டோவில் வீடு திரும்பும்போது பவியை ஒன்றும் கேட்கவில்லை. என் கோபமெல்லாம் உங்கள்மேல்தான். பெற்றதும் நீங்கள், பெயரும் உங்களுக்கு. இப்போது அமெரிக்காவில் வேலையும் உங்களுக்கு. எனக்குக் கரண்டி. அன்றைக்கு உங்களை நான் வெறுத்தேன் என்று எழுதினால் பவி திருத்த மாட்டாள்.

சனிக்கிழமை காலை அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளைட்ட அவங்க அம்மாவப் பத்தி என்ன சொல்லி வச்சிருக்கிய?"

அவர் பேப்பரை மடித்தார். "ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னேன். அன்னைக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"எத்தன வருசமா ஊருக்குப் போயிருக்காங்க?"

"கேட்கறத அவளே நிறுத்திப்போட்டா, கோமதி. மறந்துட்டான்னு நெனச்சேன்."

"என்னைப் பத்தி என்ன சொன்னிய?"

அவர் மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். "ஆன்ட்டி சமைச்சுப் போட வந்திருக்காங்கன்னு."

ஆக, பவி பொய் சொல்லவில்லை. நீங்கள் போன அன்று அவளைக் கஸ்தூரி அக்கா வீட்டில் விட்டிருந்தார்கள். எதையும் அவளுக்குக் காட்டவில்லை, சொல்லவில்லை. ஊரில் உங்கள் அப்பா அம்மாவும் இதற்கு உடன்பட்டு, விடுமுறைக்குக்கூட அவளை வரவழைக்காமல் இருந்துவிட்டார்கள். நடுவில் இவர் பவியைக் கஸ்தூரி அக்காவிடம் விட்டுவிட்டுக் கொஞ்ச காலம் ஆன்சைட் என்று அமெரிக்கா போய்த் திரும்பி வந்திருக்கிறார். அப்பா போய்த் திரும்பினாரே, அம்மாவும் அப்படித்தான் என்று பிள்ளை தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு உங்களுக்காகக் காத்திருந்தாள். பக்கத்துப் பிள்ளையை ஏன் கிள்ளினாள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. "உன் மம்மி எப்ப வருவாங்க?" என்று அது கேட்டிருக்கிறது.

சொல்லிவிட வேண்டும் என்றேன். அவர் சரி என்றார். ஆனால் எனக்குள் ஒரு பயம். இவளுக்கு என் அம்மாவைப் பிடிக்காது, அதனால்தான் செத்துப்போனதாகச் சொல்கிறாள் என்று பிள்ளை நினைத்துவிட்டால்? என் மனதுக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்பது பொய்யும் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் மூன்று பேரும் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்தோம். "பவி, அம்மா வந்து..." என்று அவர் ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அவர் வருவதற்குள் நானே சொன்னேன்.

"உங்கம்மா ஆன்சைட் போகலட்டி. அவங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஆஸ்பத்திரியில ரொம்பப் பாத்தாங்க. சரியாகல. செத்துப் போயிட்டாங்க. இனிமே அவங்களால வர முடியாது."

அவள் கையிலிருந்த பட்டாணியை உரித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். "அவங்க செருப்பு இங்கதான இருக்கு?" என்றாள். தமிழில் கேட்டாள். கோயம்புத்தூர்த் தமிழில். பிறகு மிக மெதுவாக இன்னொன்று கேட்டாள்.

"நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுதனே, அதனாலயா காய்ச்சல் வந்துச்சு?"

அக்கா, இந்தக் கேள்வியை அவள் எத்தனை காலம் வயிற்றில் வைத்திருந்தாள்? நாங்களெல்லாம் சமத்து சமத்து என்றோமே, அது இதற்குத்தானா? தான் அழுதால் இன்னும் யாராவது போய்விடுவார்கள் என்றா அந்தப் பிள்ளை தட்டைக் கழுவி வைத்தாள்?

"இல்லவே இல்ல. நீ அழுததால இல்ல, நீ எதுவும் செஞ்சதால இல்ல. யாராலயும் இல்ல. அது காய்ச்சல்."

அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டு என்னிடம் வரவில்லை. உள்ளேயிருந்து வந்த அவரிடம் ஓடினாள். அவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து குலுங்கினார். அவர்கள் இருவரும் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மீதிப் பட்டாணியை உரித்தேன். சொன்னது நான். அழுதது உங்களுக்காக. அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் உங்கள் படத்தைக் கூடத்தில் மாட்டினோம். அதோடு பவியின் வாய் திறந்தது. அம்மா சாம்பாருக்குத் தேங்காய் வறுத்து அரைப்பாங்க. அம்மா ஸ்கூட்டரில் என்னை முன்னால் நிற்க வைப்பாங்க. அம்மா தூங்க வைக்கும்போது காதைத் தடவுவாங்க. நானும் விடாமல் கேட்டேன். "அப்புறம்? அம்மா என்ன சொன்னாங்க?" கேட்கப் பிடித்துக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளையின் தோள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். நன்றாகத் தூங்கினாள். வகுப்பில் அவளே எழுந்து, என் மம்மி இறந்துவிட்டார் என்று சொன்னாளாம். ஆயிஷா என்று ஒரு பிள்ளை, என் தாதாவும்தான் என்று தன் தாத்தாவைச் சொன்னாளாம். அன்றிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். பிள்ளைக்கு எது நல்லதோ அது எனக்கு வலித்தது. வேறு வழி ஏதும் இருந்திருந்தால் நான் அதைத்தான் பிடித்திருப்பேன்.

அடுத்த வருடம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மழை கொட்டுகிற நாளில் ஆயிஷா வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். கூடாது என்றேன். பவி கால்களை உதைத்தாள். "நீ ரொம்ப மோசம்! உன்ன எனக்குப் பிடிக்கவே இல்ல, போ!" என்று கத்தி, கதவை அறைந்து சாத்தினாள். அவர் கண்டிக்க எழுந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"விடுங்க. இன்னைக்குத்தான் என்கிட்டச் சண்டை போடுதா."

அடுக்களைக்குள் போய் நான் சிரித்த சிரிப்பு எனக்குத்தான் தெரியும். நீங்க போய் நீ ஆகிவிட்டது. எவ்வளவு கத்தினாலும் இவள் எங்கும் போய்விட மாட்டாள் என்று தெரிந்த ஆளிடம்தானே ஒரு பிள்ளை அப்படிக் கத்தும்? உங்களிடம் அவள் இவ்வளவு பெரிய சண்டை போட்டதில்லை, அக்கா. அதற்குள் போய்விட்டீர்கள். இந்த ஒன்றில் நான்தான் முதல்.

இப்போது பவிக்குப் பதினைந்து. உங்கள் நெற்றி, உங்கள் பல்வரிசை. பார்ப்பவர்களெல்லாம் சுமதியேதான் என்கிறார்கள். நான் எண்ணெய் தேய்த்து வளர்த்த முடிகூட உங்களுடையதாம். என்னைக் கோமதிம்மா என்று கூப்பிடுகிறாள். நீங்கள் வெறும் அம்மா. எனக்கு முன்னால் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது, உங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. இதைச் சின்ன விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

போன வாரம் எங்கள் மாடியில் புதிதாகக் குடிவந்த வீட்டுப் பெண்குழந்தை படியில் உட்கார்ந்திருந்தது. அப்பா இல்லாத குழந்தை, பேச்சு குறைவு. பவி அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"உங்கப்பா எப்படி இருப்பாங்க? சொல்லு, நான் கேக்கறேன்."

அது மெல்ல ஏதோ சொன்னது. அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பற்றி. பவி அவசரப்படுத்தாமல், "அப்புறம்?" என்றாள். கொஞ்சம் கழித்து அந்தக் குழந்தை, உனக்கு அம்மா இருக்காங்களா என்று கேட்டது.

"ரெண்டு பேர். ஒருத்தங்க செத்துப் போயிட்டாங்க. அவங்களத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு உள்ள இருக்கறவங்க நெனச்சுட்டு இருக்காங்க."

"நெஜமா?"

"லூசு அவங்க," என்று பவி சிரித்தாள்.

கதவுக்குப் பின்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அக்கா. இத்தனை வருடம் நான் மறைத்ததாக நினைத்த என் பொறாமையும்கூட. தெரிந்துகொண்டேதான் என்னிடம் உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாளா? நான் தாங்குவேன் என்று நம்பினாளா?

பொறாமை போய்விட்டது என்று எழுதி முடித்தால் நன்றாக இருக்கும். போகவில்லை. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான்கு வயதில் பார்த்த முகம் அவளுக்கு மங்கத் தொடங்கியிருக்கிறது. சிலதை இப்போது அவள் என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அவள் மறந்ததையெல்லாம் நான் நினைவு வைத்திருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் சொல்வேன். வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன். ஆனால் உங்களை ஒரு இம்மிகூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்குப் பின் உங்கள் பெண்ணுக்கு அம்மாவான,
தங்கை கோமதி
ஹப்சிகுடா, ஹைதராபாத்