கிழக்கே போய் மேற்கே வருகிறேன்

ஸஹ்லே,
சிலுவைத் திருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை

அன்பு மகன் நஸ்ரிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் இவோனியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் நம்பாதே. திங்கட்கிழமை நெஞ்சைத் திறக்கப் போகிற பிள்ளையிடம் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போனில் பேசினால் நான் அழுகிறேன், நீ உடனே சாவோ பாவ்லோவில் ஒரே மழை என்று பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். என் அண்ணன் மகள் ஜோஸெத் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குமுன் முழுக்கப் படி, பாதியில் வைத்துவிடாதே.

புதன்கிழமை நான் விமானம் ஏறவில்லை, விமான நிலையம்வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன் என்று இவோனி உன்னிடம் சொல்லியிருப்பாள். ஏன் என்று சொல்லியிருக்க மாட்டாள், நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன், வெட்கம். இப்போது நானே சொல்கிறேன். வசந்த காலத்தில் என் காலில் ரத்தம் கட்டிக்கொண்டது உனக்குத் தெரியும். டாக்டர் ஷுக்ரியிடம் போய், என் மகனிடம் போக வேண்டும் என்று கெஞ்சினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகிற இருக்கை கிடைத்தால் போங்கள், அவ்வளவு தூரம் உட்கார்ந்தே போவதாக இருந்தால் என்னிடம் கேட்காதீர்கள், நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் கிழவிக்கு பிசினஸ் கிளாஸ். தெருவில் என்ன பேச்சு தெரியுமா, நுஹாத் ராணி மாதிரி படுத்துக்கொண்டு போகிறாளாம் என்று. ராணிதான் போ.

நம் ஊரில் டிக்கெட்டை அந்நியனிடம் யார் வாங்குவார்கள்? பாலத்தடியில் டிக்கெட் கடை வைத்திருக்கும் எமீல் உன் அத்தை மகன், ஷ்தூராவில் கடை வைத்திருக்கும் ஜோஸெத் உன் மாமன் மகள், இரண்டு பேரும் விற்பது ஒரே சரக்கு, இரண்டு பேருக்கும் ஆகாது. எமீல் இஸ்தான்புல் வழிதான் போக வேண்டும் என்றான், சாப்பாடு நம் வாய்க்கு ஒத்துவருமாம், நடுவில் காத்திருப்பு நீளமானாலும் சாய்ந்துகொள்ள நல்ல இடம் உண்டாம். ஜோஸெத் தோஹா வழிதான் என்றாள், அதில் படுக்கை அகலமாம், இருக்கைக்குக் கதவுகூட உண்டாம், சக்கர நாற்காலியில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். உன் அப்பா வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பிரேசில் மேக்கால இருக்கு, தோஹா கெழக்கால இருக்கு, மகனைப் பாக்கப் போறவ அவனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா கிளம்புவா?" என்றார். ஜோஸெத் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எமீல் சிரித்தான், அதுதான் வினை. அதற்குமேல் யாரிடம் டிக்கெட் வாங்கினாலும் இன்னொருவர் நம் வாசல்படி மிதிக்கப் போவதில்லை என்று ஆகிவிட்டது.

உன் அப்பா வதீஹைத்தான் உனக்குத் தெரியுமே, சண்டை என்றால் அவருக்குத் தூக்கம் வராது. கல்யாண வீட்டில் ஆட்டுக்கறியைப் பங்கு வைக்கிற மாதிரி என் பயணத்தைப் பங்கு வைத்தார். இஸ்தான்புலும் வேண்டாம், தோஹாவும் வேண்டாம், பெய்ரூத்திலிருந்து பாரிஸ்வரை எமீல் ஒரு விமானத்தில் போட்டுக்கொடுக்கட்டும், பாரிஸிலிருந்து உன்னிடம்வரை ஜோஸெத் வேறொரு விமானத்தில் போட்டுக்கொடுக்கட்டும், இரண்டிலும் படுக்கை, இரண்டு வீட்டுக்கும் மரியாதை. நானும் சரி என்றேன், அப்போது அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. எமீல் தன் பாதியைப் பார்த்துக்கொண்டான், ஜோஸெத் தன் பாதியைப் பார்த்துக்கொண்டாள். ஒருவரோடொருவர் பேசாததால், ஒரு பாதியிலிருந்து இன்னொரு பாதிக்கு இந்தப் பொம்பளை எப்படித் தாண்டுவாள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

புதன்கிழமை எல்லாரும் வழியனுப்ப வந்தார்கள், மூன்று கார். பெட்டியில் உனக்குத் தயிரில் கோதுமையைப் புளிக்கவைத்துக் காயவைத்த கிஷ்க் மாவு, வால்நட் வைத்து எண்ணெயில் போட்ட கத்திரிக்காய், இவோனிக்கு ரோஜாத் தண்ணீர். விமான நிலையத்தில் டிக்கெட்டைப் பார்த்த பெண் நல்ல பெண்தான், மெதுவாகத்தான் சொன்னாள். "அம்மா, இது ரெண்டும் தனித்தனி டிக்கெட். பாரிஸ்ல பெட்டியை எடுத்துக்கிட்டு வெளிய போயி மறுபடி உள்ள வரணும். அதுக்கு அந்த நாட்டு விசா வேணும். வச்சிருக்கீங்களா?" நான் எமீலைப் பார்த்தேன், எமீல் ஜோஸெத்தைப் பார்த்தான், ஜோஸெத் உன் அப்பாவைப் பார்த்தாள். பிரேசில் விசா இருக்கிறது, பாரிஸ் விசா யாரிடம் இருக்கிறது? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் நஸ்ரி, கூட்டம் நின்று பார்த்தது, எனக்கு மானம் ரோஷம் ஒன்றும் இல்லை. என் பிள்ளைக்கு நெஞ்சு ஆபரேஷன் என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளும் அழுதாள், ஆனால் ஏற்றவில்லை. பெட்டி இன்னும் கதவோரத்தில் நிற்கிறது, கத்திரிக்காய் எண்ணெய் ஒழுகித் தரையெல்லாம் பிசுபிசுப்பு, துடைக்க எனக்குத் தெம்பில்லை.

நேற்று முழுக்க இரண்டு பேரும் நம் கூடத்தில் உட்கார்ந்து போனைக் காதிலிருந்து எடுக்காமல் தேடினார்கள். மிஞ்சியது இரண்டே வழி. இஸ்தான்புல் வழி நாளை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தைப் பார்த்துவிடலாம், ஆனால் படுக்கை ஒன்றுகூட இல்லை, நெடுந்தூரமும் உட்கார்ந்தே வர வேண்டும். தோஹா வழி என்றால் கடைசிவரை படுக்கை உண்டு, ஒரே டிக்கெட், ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவுதான் கிளம்பும், உன்னை அவர்கள் அறுக்கிற நேரத்தில் நான் கடலுக்குமேலே இருப்பேன். நான் யோசிக்கவே இல்லை, இஸ்தான்புல் என்றேன். கால் போனால் போகிறது, உள்ளே கூட்டிக்கொண்டு போவதற்குமுன் உன் நெற்றியில் ஒரு தரம் கையை வைத்தால் போதும் எனக்கு. உன் அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார், திராட்சைக் கொடிக்குக் கீழே நின்றுகொண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் இவோனி போனில் வந்தாள். அவளுடைய அரபு உனக்குத் தெரியும், பேரப்பிள்ளைகளைவிட மோசம், ஆனால் அவள் சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. "மாமி, வழியிலயே உங்க உயிர் போயிட்டா, அவர் கண்ணு முழிச்சு அம்மா எங்கன்னு கேப்பாரு. அப்ப நான் என்ன சொல்ல?" அவ்வளவுதான் சொன்னாள். தைத்த நெஞ்சோடு கிடக்கிறவனிடம் அந்தச் செய்தியை யார் சொல்வது? எமீல் என் முகத்தைப் பார்த்தான். ஜோஸெத்தைப் பார்த்து, "தோஹாவே போட்டுடு அக்கா, உன் கையாலயே போடு" என்றான். இந்த வீட்டில் அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அவள் போட்டாள். ஆக, கிழக்கே போய் மேற்கே வருகிறேன், உன் அப்பா சொன்ன மாதிரி முதலில் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கிளம்புகிறேன், மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை இங்கே மொட்டை மாடிகளில் சிலுவைத் தீ கொளுத்துவார்கள், நம் வீட்டுத் தீயை அப்பா உன் பெயர் சொல்லிக் கொளுத்துவார், அது அணைவதற்குமுன் நான் காரில் ஏறிவிடுவேன். நீ அங்கே கைவிரலைக் கடிக்காதே. ஒளித்து ஒளித்துச் சிகரெட் பிடிக்கிறாயாம், இவோனி சொன்னாள், பால்கனிப் பூத்தொட்டிக்குள் துண்டுகள் கிடக்கிறதாம், அதை இன்றைக்கே விட்டுத் தொலை. கடைச் சாவியை மைத்துனனிடம் கொடுத்துவிடு, கடை எங்கும் ஓடிவிடாது. சின்னவளிடம் அப்பா ஊருக்குப் போகிறேன் என்று பொய் சொல்லாதே, பிள்ளைகளுக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருந்தது உன் தாத்தா போனபோது. நான் வரும்வரை ஆஸ்பத்திரியில் என்ன கொடுக்கிறார்களோ அதைச் சாப்பிடு, உப்பில்லை உறைப்பில்லை என்று தள்ளிவிடாதே.

ஒரே ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது, அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். போன ஞாயிறு போனை வைக்கும்போது நீ சிரித்துக்கொண்டே, "வச்சிடறேன்மா, என்னைப் புதைக்கணும் நீ" என்றாய். நீ கொஞ்சலாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும், இந்த ஊரில் எல்லாரும் சொல்வதுதான். உனக்குச் சோறு ஊட்டியபோதும் தலை துவட்டியபோதும், நீ என்னைப் புதைக்கணும் என் கண்ணே என்று சொல்லிச் சொல்லித்தானே வளர்த்தேன், உனக்குமுன் நான் போக வேண்டும் என்று கேட்பதுதானே அது. ஆனால் நெஞ்சைத் திறக்கப் போகிற மகன் அதைத் தாயைப் பார்த்துச் சொல்வானா? அன்றிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. உன் அப்பாவிடம்கூட இதைச் சொல்லவில்லை, சொன்னால் அவர் தாங்க மாட்டார்.

அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள் நஸ்ரி. அது தாய் பிள்ளைக்குச் சொல்கிற வார்த்தை, என்னுடையது, உனக்கு நான் கொடுக்கவில்லை. கன்னி மரியாள் உன் தலைமாட்டில் நிற்கட்டும், உன்னைத் தொடுகிற கைகள் நடுங்காமல் இருக்கட்டும். பென்சிலின் உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரிடம் மறக்காமல் இன்னொரு தரம் சொல். செவ்வாய்க்கிழமை நீ கண் திறக்கும்போது நான் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பேன், அந்த வார்த்தையை நானே உனக்குச் சொல்வேன். உனக்குப் பேசத் தெம்பிருக்காது, பரவாயில்லை. சரிம்மா என்று மட்டும் சொல், போதும்.

உன்னைப் பெற்ற
நுஹாத்