பேச வந்த சேருக்கு

சேர்,

இன்று காலை முற்றத்துக்கு வந்ததும் ஈரச் சீமெந்து மணம்தான் முதலில் அடித்தது. நம் இரண்டு வளவுகளுக்கும் நடுவில் இருக்கும் மதிலை உங்கள் மகன் உயர்த்துகிறார். நீங்கள் வழக்கமாக முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்தில் கல் ஏறிவிட்டது. என் நேசரிப் பள்ளிப் பிள்ளைகளின் சத்தம் அந்தப் பக்கம் போகக் கூடாதாம். பிள்ளைகளின் சத்தத்தைக் கல் வைத்து மறிக்கலாம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அத்தனை வருஷம் பொறியியல் படிப்பித்த மனிதரின் மகன் அவர்.

எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஒளிக்காமல் சொல்கிறேன், உங்கள் மேலும்தான். நீங்கள் பாட்டுக்குக் கண்ணை மூடிவிட்டீர்கள், இங்கே மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

நான் வத்தேகமவிலிருந்து வந்து இந்த வீட்டை வாடகைக்கு எடுத்து நேசரி தொடங்கிய புதிது உங்களுக்கு நினைவிருக்கும். முன்பக்கம் சரிவு. ஊஞ்சலையும் சறுக்குப் பலகையையும் பின்முற்றத்தில்தான் போட முடிந்தது. அது சரியாக உங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே. முதல் வாரமே நீங்கள் ஜன்னலை அடித்துச் சாத்துவது கேட்டது. சண்டை வருவதற்கு முன்னால் சமாதானமாகப் போவோம் என்று மதிலடிக்கு வந்து, "சேர், ஒங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றேன். உங்கள் முகம் சிவந்துவிட்டது.

"என்னைப் பேசப் போறியளோ? சத்தம் போடுறது உங்கட பிள்ளையள். பேச்சு எனக்கோ?"

நான் திருதிருவென்று விழித்தேன். உங்கள் யாழ்ப்பாணத்தில் பேசுவதென்றால் ஏசுவது என்று எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? நல்லவேளை, பயிற்சி வகுப்பில் என்னோடு இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி, "மிஸ் என்னைப் பேசிப்போட்டா" என்று மூக்கைச் சிந்தியது ஞாபகம் வந்தது. "ஐயோ சேர், ஏச வரல. கதைக்கத்தான் வந்தேன்" என்றேன். பிறகு சிரித்தீர்கள். உங்கள் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன்பிறகு நமக்குள் அதுவே வழக்கமாகிவிட்டது. மதிலுக்கு மேல் உங்கள் தலை தெரியும். "டீச்சர், இண்டைக்குக் கதைக்க வரேல்லை, பேச வந்தனான்" என்பீர்கள். உங்களுக்குத் தலையிடி என்று அர்த்தம். அன்றைக்கு ஊஞ்சலைக் கட்டி வைத்துவிட்டு நாங்கள் முன்பக்கம் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவோம். உங்கள் பேச்சும் லேசுப்பட்டதல்ல. "இது நேசரியோ, சந்தையோ?" என்று ஒருநாள் தாய்மார் முன்னாலேயே வாங்கிக் கட்டினேன். நானும் விடவில்லை. "வாயத் தச்சுட்டா சேர் வெளையாட விடுறது?" என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோம். அப்புறம் மழையென்று பிள்ளைகளை உள்ளேயே வைத்திருந்த ஒருநாள், நீங்களே குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, "ஏன் பிள்ளையளின்ர சத்தத்தைக் காணேல்லை? ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்றும் வாகனத்தை நிறுத்தி என்னைக் கூப்பிட்டீர்கள். "அந்த ஊஞ்சல் கிறீச்சிடுது, எண்ணெய் விடுங்கோ" என்றீர்கள். அதுதான் நான் உங்களிடம் வாங்கிய கடைசிப் பேச்சு.

உங்கள் மகன் பேசுவதும் இல்லை, கதைப்பதும் இல்லை. போனில் செய்தி அனுப்புவார், ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக. மத்தியானம் வரைக்கும் பிள்ளைகளை வெளியே விடக் கூடாதாம். விட்டால் மாநகர சபைக்கு எழுதிப் போடுவாராம். மத்தியானத்தோடு நேசரியே முடிந்துவிடுகிறதே சேர். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் காலை முழுவதும் கதிரையில் உட்கார்ந்து என்ன செய்யும்? அரை மணித்தியாலம் மட்டும் விடுகிறேன், எந்த நேரம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று அவருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. மேசன்தான் வந்தார்.

போன கிழமை உங்கள் மகனை வாசல் கேட்டடியில் பிடித்துவிட்டேன். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு இரவு முழுவதும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாராம். விடிந்த பிறகுதான் படுக்கிறார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. பாவம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். "எனக்கு நித்திரை வேணும் டீச்சர். வேற ஒண்டும் கேக்கேல்லை" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. "அப்பாவும் இந்தச் சத்தத்தோட எத்தினை வருசம் கஷ்டப்பட்டவர். அவர் சொல்லேல்லை, நான் சொல்லுறன்" என்றார்.

நீங்கள் சொல்லவில்லையாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அது மனதைக் குடைய ஆரம்பித்தது. தலையிடி இல்லாத நாட்களிலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தீர்களா? மகனிடம் எங்களைப் பற்றி முறையிட்டீர்களா? இதை இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

மதில் வேலை தொடங்கியதும் பிள்ளைகளுக்குப் பூனை விளையாட்டு என்று ஒன்றைப் பழக்கினேன். பக்கத்து வீட்டு மாமா தூங்குகிறார், ஓடலாம், கத்தக் கூடாது. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். நல்ல கெட்டித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இன்று ஒரு சின்னவள் ஊஞ்சலிலிருந்து விழுந்தாள். முழங்கால் உரிந்து இரத்தம் வந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மதிலைப் பார்த்தாள். கண்ணீர் மட்டும் விரல்களில் இறங்கியது. "அழு தங்கம், சத்தமா அழு" என்று கையை விலக்கினேன்.

"மாமா தூங்குறாங்க டீச்சர்" என்று குசுகுசுத்தாள்.

எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு நேரே போய் உங்கள் வீட்டு மணியை அடித்தேன். தூக்கக் கலக்கத்தோடு வந்த உங்கள் மகனைப் பேசினேன் சேர், உங்கள் ஊர்ப் பேச்சு. "ஒங்கப்பா சொல்லாம இருந்ததே இல்ல தம்பி. மூஞ்சிக்கு நேரா வந்து ஏசுவாரு. நாங்க கேட்டுக்குவோம், திருப்பியும் குடுப்போம். இப்படிக் கல்ல வச்சு அடைக்கல அவரு" என்றேன். அவர் பிள்ளையின் முழங்காலைப் பார்த்தார். "நோகுதோ?" என்று கேட்டார். அவள் வாயைப் பொத்தியபடியே தலையாட்டினாள். அவர் முகம் என்னவோ போலாகிவிட்டது. கேட்டை மெதுவாகச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

ஒன்றும் தீரவில்லை. மேசன் பின்னேரமும் கல் வைத்துவிட்டுத்தான் போனார். சபையிலிருந்து ஆள் வந்தாலும் வரலாம். ஆனால் பூனை விளையாட்டு இன்றோடு சரி. நாளைக்கு அரை மணித்தியாலம் என் பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடட்டும், விழுந்தால் வாய்விட்டு அழட்டும். தாங்க முடியாவிட்டால் உங்கள் மகன் கேட்டைத் திறந்துகொண்டு வந்து என்னைப் பேசட்டும். பேச்சு வாங்க எனக்குத் தெரியும். அதைப் பழக்கிவிட்டுத்தானே நீங்கள் போனீர்கள்.