மேகலையின் அடையாளங்கள்

திண்டுக்கல்
2.9.2024

அன்புள்ள ராமுத்தாய் அம்மாவுக்கு,

செலின் எழுதுகிறேன். எரியோட்டில் உங்கள் தோட்டத்து வீட்டுக்குப் போன வாரம் இரண்டு பெண்கள் வந்தோம் அல்லவா, அதில் பேசாமல் நின்றவள் நான். ஓயாமல் பேசியவள் பாத்திமா; எங்கள் மாதாவின் பெயர்தான் அது. நற்செய்தி அறிவிப்பதற்கான பயிற்சிக்காக இங்கே மூன்று மாதம் தங்கியிருக்கிறோம். போனை அலுவலகத்தில் வாங்கி வைத்துவிட்டார்கள். சந்தித்த வீட்டுக்கு ஒரு கடிதமாவது எழுத வேண்டும் என்பது பயிற்சியில் விதி. ஆனால் விதிக்காக மட்டும் இதை எழுதவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கியும் நாலு பேர் முன்னால் நின்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்பாவிடமே தேவைக்கு மேல் பேசியதில்லை. அது மாறட்டும் என்றுதான் பங்குச் சாமியார் என்னை இங்கே அனுப்பினார். அன்றைக்கு நீங்கள் மோர் கொடுத்து, "ஏம்மா, நீ ஊமையா?" என்று கேட்டீர்கள். பிறகு சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "எம் மக மணிமேகலை. டெங்குல போயிட்டா. உன் வயசுதான்" என்றீர்கள். பாத்திமாவே பேச்சற்று நின்றபோது என் வாய் தானாகத் திறந்தது. "அழாதீங்கம்மா. உங்க மகளத் திரும்பப் பாப்பீங்க" என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவா?" என்றீர்கள். "நெசமா" என்றேன்.

வாழ்நாளில் நான் தடுமாறாமல் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான். எங்களுக்குப் பயிற்சி தரும் சேவியர் சார் வகுப்பில் அதைக் கேட்டு எல்லோரையும் கைதட்டச் சொன்னார். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுதினேன். வெயிலில் அதிகம் நிற்காதீர்கள்.

அன்புடன்,
சூ. செலின்


எரியோடு
13.9.2024

செலின் அவர்களுக்கு,

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மூத்த மகள் தமிழ்மதி எழுதுகிறேன். நீங்கள் வந்தபோது நான் மில்லில் இருந்தேன். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டினால் இன்னும் கெட்டுப்போகும்.

உங்களுக்குக் கைதட்டினார்களாம். இங்கே நடப்பதைக் கேளுங்கள். அம்மா மேகலைக்கும் சேர்த்து உலை வைக்கிறாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடுவதில்லை. பூப்பறிக்க வரும் பெண்களிடம், "அந்த வேதக்காரப் பிள்ள சத்தியம் பண்ணிட்டுப் போயிருக்கு, எம் மக வாரா" என்கிறாள். அப்பா அதட்டினால், "நீ செத்த நேரம் சும்மா இருய்யா" என்று அவர் வாயை அடைத்துவிடுகிறாள்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை வருஷம் திரும்புவதற்குள் கன்னியாகக் கும்பிட வேண்டும். புதுச்சேலை வைத்துப் படைத்து, இனி நீ எங்கள் சாமி என்று சொல்லி அவளுக்கு ஓர் இடம் கொடுப்போம். செய்யாவிட்டால் அவளுக்கு இங்கேயும் இடமில்லை, அங்கேயும் இடமில்லை. தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்திருந்தோம். சேலை எடுக்கப் பெற்றவள்தான் போக வேண்டும். அம்மா முடியாது என்கிறாள். "உசுரோட வரப்போறவளுக்கு எதுக்குடி படையல்?" என்று என்னைக் கேட்கிறாள்.

பதினாறாம் நாள் காரியம் செய்து அவளை அனுப்பி வைத்தோம். நீங்கள் ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு அவளைத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டீர்கள். வந்து, நான் சொன்னது பொய் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அதன் பிறகு இந்தப் பக்கம் வராதீர்கள்.

க. தமிழ்மதி


திண்டுக்கல்
18.9.2024

அன்புள்ள தமிழ்மதி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இங்குள்ள மாதா கோயிலில் உட்கார்ந்து படித்தேன்.

சேவியர் சாரிடம் காட்டினேன். "நீ சொன்னது நம்ம விசுவாசம்மா. அதப் பொய்யின்னு சொல்லணும்னா நீ எதுக்கு இங்க இருக்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் முகமும் வாடித்தான் போயிருந்தது. பாத்திமா தலையில் அடித்துக்கொண்டாள். "கடைசி நாள்லன்னு ஒரு வார்த்தையச் சேத்திருக்கக் கூடாதாடி? வாயே தொறக்காதவ, தொறந்தா இப்படியா?"

அவள் சொன்னது சரிதான். செத்தவர்கள் எழுவார்கள் என்றால் அது உலகம் முடியும் நாளில் என்று எங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். அம்மாவுக்கும் அப்படியே விளங்கும் என்று நினைத்துவிட்டேன்.

அக்கா, பொய் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. அதை நான் நம்புகிறேன். ஆனால் இப்போது வகுப்பில் பேச எழுந்தால் உங்கள் வீட்டுத் திறந்த கதவுதான் கண்முன் நிற்கிறது. சாப்பிட உட்கார்ந்தால், யாருக்கோ இடம் விடுவதுபோல நகர்ந்து உட்காருகிறேன். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

செலின்


எரியோடு
1.10.2024

செலினுக்கு,

என்னைக் கேட்கிறீர்கள். நான் பிளஸ் டூவோடு நின்றவள். மேகலையைப் படிக்க வைக்கத்தான் மில்லுக்குப் போனேன். நீங்கள் பட்டதாரி, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நேற்று வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளேயிருந்து அம்மா, "மேகல, வந்துட்டியா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. "வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஓடி வந்து என்னைப் பார்த்தாள். "நீயா" என்றாள். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டாள்.

இந்த வீட்டில் யார் கண்ணிலும் படாமல் திரிவது மேகலை இல்லை, நான்தான் என்று தோன்றுகிறது.

நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். சொன்னதை முழுசாகவாவது சொல்லிவிட்டுப் போங்கள். நாள் நெருங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்த்து வாருங்கள்.

தமிழ்மதி


திண்டுக்கல்
14.10.2024

அன்புள்ள தமிழ்மதி அக்காவுக்கு,

நேற்று வந்தேன். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை போட்டுவிட்டார்கள் என்று உங்கள் அப்பா சொன்னார். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். பாத்திமாவைக் கூட்டி வரவில்லை. பைபிளும் எடுத்து வரவில்லை.

அம்மா கனகாம்பரம் பறித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "எப்ப வாரா?" என்றார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"தெரியாதும்மா."

"நெசம்னு சொன்னியே."

"நெசந்தாம்மா. ஆனா நாளைக்கு இல்ல, இந்த வாசல் வழியா இல்ல. உலகம் முடியுற அன்னைக்குச் செத்தவங்க எல்லாம் எந்திரிப்பாங்கன்னு நாங்க நம்புறோம். அத அரகொறையாச் சொல்லிட்டேன். நான் பொறந்த பெறகு எங்க வீட்ல யாரும் சாகல. அந்த வலி தெரியாமச் சொல்லிட்டேன்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா பறித்துக்கொண்டே நடந்தார்கள். பாத்தியின் கோடிவரை போய்த் திரும்பினார்கள். நானும் கூடவே நடந்தேன். பிறகு நின்றார்கள்.

"உலகம் முடியுற வரைக்குமா? அம்புட்டு நாளு நீ காத்திருப்பியா?"

"இருப்பேம்மா."

"அப்ப நீயே இரு. நம்புறவ நீதானே. எனக்கு வீட்ல இன்னொருத்தி இருக்கா. வேல முடிஞ்சு பசியோட வருவா."

மடியிலிருந்த பூவை என் துப்பட்டாவில் கொட்டினார்கள். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அது கோபமா, சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் கூட்டம். என் பக்கத்து இருக்கையில் மட்டும் திண்டுக்கல் வரை யாரும் உட்காரவில்லை. பூவை அங்கே வைத்திருந்ததால் என்று நினைத்துக்கொள்கிறேன்.

செலின்


எரியோடு
28.10.2024

செலினுக்கு,

வெள்ளிக்கிழமை கும்பிட்டுவிட்டோம். அம்மாவே திண்டுக்கல்லுக்கு வந்து சேலை எடுத்தாள். மயில்கழுத்து நிறம். படைத்து முடித்து அதை என்னைக் கட்டச் சொன்னாள். கட்டிக்கொண்டு வந்து நின்றேன். அப்பா அழுதார். அம்மா அழவில்லை. என்னை உட்கார வைத்து, "தின்னுடி, எலும்பாப் போயிட்ட" என்று சோறு போட்டாள்.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மேகலைக்கு இப்போது இங்கே ஓர் இடம் இருக்கிறது. உங்களைப் பார்த்தால் அம்மாவின் கண் மறுபடியும் வாசலுக்குப் போகும். வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

அம்மா எழுதச் சொன்னது ஒன்று இருக்கிறது. அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. "அந்தப் பிள்ள நம்ம மேகலையப் படத்துல ஒருக்காப் பாத்ததுதானேடி. வந்தா எப்படிக் கண்டுபிடிக்கும்? பாவம், காத்துக்கிட்டு இருக்குமே" என்றாள். அதனால் அடையாளம் எழுதுகிறேன். இடது புருவத்தில் ஒரு வெட்டு, நான் தள்ளிவிட்டு விழுந்தது. பேசுவதற்கு முன்னால் சிரித்துவிடுவாள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்பாள்.

தமிழ்மதி


திண்டுக்கல்
3.11.2024

அன்புள்ள தமிழ்மதி அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றுதான். பதில் வேண்டாம்.

மறுபடி வீடு சந்திக்கப் போகிறாயா என்று சேவியர் சார் கேட்டார். போகிறேன் என்றேன். அந்த வீட்டில் போனவர்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேசுவேன் என்றும் சொன்னேன். அவர் சரி என்றார்.

நேற்று கல்லறைத் திருநாள். லீவு கேட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா, தாத்தாவின் கல்லறையைக் கழுவி மாலை போட்டார். நான் ஒரு மெழுகுவர்த்தியைக் கல்லறை எதுவும் இல்லாத சுவரோரமாக ஏற்றி வைத்தேன்.

"ஏத்தா, அங்க யாரு இருக்கா?" என்றார் அப்பா.

"மணிமேகலைப்பா."

"யாரு அது? உங்கூடப் படிச்ச பிள்ளையா?"

சொன்னேன், அக்கா. மோர் கொடுத்ததிலிருந்து மயில்கழுத்துச் சேலை வரைக்கும். புருவத்து வெட்டையும் சொன்னேன், சிரிப்பையும் சொன்னேன். அப்பாவிடம் இவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. காற்று வந்தபோதெல்லாம் அவர் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார். சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

கடைசியில், "அந்தப் பிள்ளய நீ நேர்ல பாத்திருக்கியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லப்பா" என்றேன்.

செலின்