விடுதலை வாளி

இன்று காலை என் நடைப்பையின் ஜிப் பிய்ந்துவிட்டது. மர்பி டவுன் மார்க்கெட் முனையில் பை தைக்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தண்ணீர் பாட்டில், கைக்குட்டை, வீட்டுச் சாவி, கடைசியாக உன் கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டை. பத்தில் நாலு காலி, ஆறு அப்படியே இருக்கிறது. அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது தேதி முடிஞ்சு போச்சே, வீசிடட்டா?" என்றார்.

"வைய்யா கீழே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பூக்காரி பயந்து திரும்பினாள். பாவம், அவர் என்ன செய்வார்? என் கோபம் அவர் மேல் இல்லை.

அந்த அட்டை என்னிடம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. கடைசியில் சொல்கிறேன். முதலில் உன்னைத் திட்டியாக வேண்டும்.

ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தோம். ரிடயர் ஆன பிறகு தினமும் காலையில் பார்க்கில் சேர்ந்து நடந்தோம். உனக்கு ஆறு சுற்று, எனக்கு நாலு. புடவைக்குக் கீழே ரோஸ் நிற ஷூ போட்டுக்கொண்டு நீ முன்னால் போவாய். "ஏய் லோகு, என்ன பல்லக்குலயா வரே? கையை வீசி நடடி!" என்பாய். அறுபத்தேழு வயசு என்று சொன்னால் யாரும் நம்பக் கூடாது உனக்கு. அந்தக் கர்வம்தான் உன்னைத் தின்றது.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னாள். நானும் கூட இருந்தேன். "நடையும் வேணும், மாத்திரையும் வேணும். ஒண்ணு செய்றேன்னு இன்னொண்ணை விடக்கூடாது." நீ தலையை ஆட்டிவிட்டு வந்து என்ன செய்தாய்? ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நெய்யை நிறுத்துவாய், வடையைத் தொட மாட்டாய், ஆறு சுற்றைப் பத்தாக்குவாய். ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும், "பாஸாயிட்டேன்டி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாய். பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை எடைக்குப் போடுகிற பிள்ளைகளைப் போல, அன்றே மாத்திரையைத் தூக்கிப் போட இடம் தேட ஆரம்பித்தாய். மாத்திரை சாப்பிட்டதால்தான் அது நார்மல் என்று நான் சொன்னதற்கு, "உனக்குப் பொறாமை" என்றாய். பொறாமையாம்! இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தூக்கிப் போட இடம் தயாராகவே இருந்தது. நம் சிரிப்புச் சங்கத்து மாஸ்டர், கழுத்தில் விசிலோடு திரியும் பழைய டிரில் வாத்தியார், அதற்கென்றே ஒரு நீல வாளி வைத்திருந்தாரே! ஞாயிற்றுக்கிழமை சிரித்து முடித்ததும் வாளியை நடுவில் வைத்து, "இன்னிக்கு யாருக்கு விடுதலை?" என்பார். மாத்திரையை விட்டவர்கள் வந்து அட்டையை அதில் போட வேண்டும். எல்லோரும் கை தட்டி ஹோ ஹோ ஹா ஹா என்று சிரிக்க வேண்டும். நீ அன்றைக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாய். "சபாஷ் மேடம்! உடம்புதான் மருந்து. மாத்ரெ எல்லாம் சும்னே பிசினஸ்" என்றார் அவர், தன் கன்னடம் கலந்த தமிழில். நீ போட்டாய். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு காலை மூன்றாவது சுற்றில், எனக்குப் பத்தடி முன்னால், நீ நின்றாய். ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். நீ குனிந்தாய், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியிலேயே முடிந்துவிட்டது.

உன் வீட்டு வாசலில் மாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா? "புண்ணியவதி. படுக்கையில கிடக்காம நடந்துக்கிட்டே போயிட்டாங்க." சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு அந்த விசிலை அவர் தொண்டைக்குள் திணிக்க வேண்டும் போலிருந்தது. பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நிறுத்துனதாலதான் போனாங்கன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா நிறுத்தியிருக்கக் கூடாது" என்றாள். அந்த 'ஆனா' எனக்குப் போதும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

காரியம் முடிந்த பிறகும் நான் பார்க்குக்குப் போவதை நிறுத்தவில்லை. உனக்காக நடக்கிறேன் என்று நினைத்தார்கள். நான் அவருக்காகக் காத்திருந்தேன். சுவாமியே கொண்டுவந்து கொடுத்தார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க லேபுக்குப் போனேன். எனக்கு முன் வரிசையில் மாஸ்டர்! விசில் இல்லை, மடியில் தடியாக ஒரு ஃபைல். ஊசி போடுகிற பெண் கேட்டாள், "அங்கிள், கொலஸ்ட்ரால் மாத்ரெ கரெக்டா போடறீங்களா?"

"ஐயோ, பைபாஸ் ஆனதிலேருந்து ஒரு நாள் தப்பினதில்லம்மா."

செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் விடுதலை, அவருக்கு மட்டும் மாத்திரை!

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டுதான் போனேன். பேங்கில் ரிடயர் ஆகிப் புதிதாகச் சேர்ந்த ஒருவர், பாவம், அட்டையும் கையுமாக வாளிக்கு முன்னால் நின்றார். நான் போய் வாளியைத் தூக்கி மாஸ்டர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"முதல்ல நீங்க போடுங்க மாஸ்டர்."

"எனக்கு ஏது மேடம் மாத்ரெ?" என்று சிரித்தார்.

"செவ்வாய்க்கிழமை லேப்ல சொன்னீங்களே, ஒரு நாள் தப்பினதில்லன்னு. உங்க பின்னாடிதான் உட்கார்ந்திருந்தேன்."

யாரோ இதையும் வேடிக்கை என்று நினைத்து ஹா ஹா என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்கள். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு ஆபரேஷன் ஆயிருக்கு. என் கேஸ் வேற" என்றார்.

"அவ கேஸ் என்னன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? கை தட்ட மட்டும் தெரிஞ்சுதா?"

பேங்க்காரர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தார். அன்றோடு சங்கம் கலைந்தது. இப்போது மாஸ்டர் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறார். "வயசானவர், விட்ருங்கம்மா" என்று இரண்டு பேர் தூது வந்தார்கள். விட மாட்டேன் என்றேன். சங்கம் கலைந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து நெய் தோசை ஊற்றிச் சாப்பிட்டேன். இனித்தது. உன்னிடம் என்ன பொய்?

இனி அட்டை விஷயம். நீ மாத்திரையை வீசிய அன்று வாளியைக் குப்பையில் கொட்டும் முறை என்னுடையது. கொட்டும்போது உன் அட்டையை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் கொடுத்துவிடுவோம், கெஞ்சியாவது விழுங்க வைப்போம் என்றுதான் எடுத்தேன். நீ முன்னால் நடந்தபடி, "பார்த்தியாடி, எப்படித் தட்டினாங்க!" என்று பூரித்துப் போயிருந்தாய். கொடுத்தால் பத்து நாள் என்னோடு பேச மாட்டாய். முன்பு ஒரு தடவை அப்படிச் செய்தவள்தானே நீ? தனியாக நடக்கப் பயந்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று ஜிப்பை இழுத்து மூடினேன்.

ஐந்து மாதமும் அதே நாளைக்குத்தான். ஒவ்வொரு சுற்றிலும் அந்த அட்டை உனக்குப் பின்னால் என் தோளில் வந்தது. உன் தலை என் மடியில் கிடந்த ஆட்டோவிலும் அது என் பைக்குள் இருந்தது.

மாஸ்டரை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டேன். பாக்கி நான்தான். என்னைக் கேட்க ஆளில்லை என்பதற்காக நான் தப்பித்துவிட முடியுமா? இரவானால் என் மாத்திரையை விழுங்கும் ஒவ்வொரு தடவையும், "அவளுக்கு ஏன்டி கொடுக்கல?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

பை தைக்கிறவர் கெட்டியான பித்தளை ஜிப் வைத்துக் கொடுத்தார். உன் அட்டையை உள்ளே போட்டேன், ஆனால் ஜிப்பை மூடவில்லை. நாளைக் காலை ஆறு சுற்று நடக்க வேண்டும், என்னுடைய நாலும், அதற்கு மேல் நீ நடக்கிற இரண்டும்.